வானின்று இழிவோரும் வழிநடந்து வருவோரும்

சென்ற பருவத்தில் எம் கல்லூரித் தமிழ்ப் பேரவையில் ஒரு சொற்போர் நிகழ்ந்ததை அன்பர்கள் பலர் அறிவர். 'இக்காலப் போர்முறையில் பாரசூட் படைக்கு இடமில்லை' என்பது எடுத்துக்கொண்ட பொருள். சீட்டுக் குலுக்கியதில் இடமில்லை என்று நிலைநாட்டும் கட்சி எம் பங்கிற்கு வந்தது. யாமோ தமிழ் பயிலும் மாணாக்கர். வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என ஏட்டின்கண் போர் நடத்தியதன்றி வேறொரு போரும் அறியேம். ஆயினும் அறியாதவற்றை அறிந்தார்போற் பேசுதற்கென்றே ஏற்பட்ட கலையன்றோ சொற்போர்? நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து, வேண்டுவன திரட்டிக்கொண்டு மேடையேறினோம். பேசினோம், கைதட்டல் பெற்றோம், வாக்கெடுப்பில் வெற்றியும் பெற்றோம்.

அவ்வெற்றியின் களிப்பு விடுதி அறைக்குள் நுழையும் வரையே நின்றது. எம் அறைத்தோழர் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்தவர், மிகுதியாகப் பேசாதவர். அவருடைய தமையனார் பட்டாளத்தில் இருக்கின்றார் என்பது மட்டும் அறிவோம். எந்தப் பட்டாளம் என்று வினவும் அக்கறை இரண்டாண்டுக் காலத்தில் ஒருநாளும் எமக்கு உண்டானதில்லை. அன்று விளக்கை அணைக்கும் வேளையில் அவரே சொன்னார்: "அண்ணன் பாரசூட் படையில்தான் இருக்கிறார், ஆக்ராவில். நீர் நன்றாகப் பேசினீர். விமானம் மெதுவாகப் போகும், ஏவுகணை வீழ்த்திவிடும் என்றெல்லாம் சொன்னீர்; அவை மெய்தாம். ஆனால் அண்ணன் லீவில் வந்தபோது சொன்ன ஒன்று உம் பேச்சில் வரவேயில்லை. குதிப்பதற்கு எவனும் அவ்வளவு பயப்படுவதில்லையாம். குதித்தவனிடம் வந்து சேரவேண்டியவர்கள் வந்து சேருவார்களா என்பதுதான் அவர்களுக்குள் பேச்சாம்."

யாம் ஒன்றும் விடையிறுக்கவில்லை. விடை எம்பால் இல்லை. மறுநாள் மீண்டும் நூலகம் புகுந்து, அதே நூல்களை, இம்முறை வெல்லும் நோக்கமின்றிப் படித்தோம். மேடையில் யாம் கூறியவற்றினும் கூறாது மறைத்தவையே பெரியன என்று கண்டோம். அவற்றை எழுதிவிடுதல் கடனெனத் தோன்றியது.

முதற்கண் பெயரைப்பற்றி ஒரு சொல். தனித்தமிழ் விரும்பும் நண்பர் 'வான்குடை' என்பர். செய்தித்தாள்களோ 'பாரசூட்' என்றே எழுதிப் பழகிவிட்டன. யாம் இரண்டையும் வழங்குவோம். நம் பழம்புலவர் குடையைப் பாடிய இடமெல்லாம், அரசன் தன் குடிகளுக்கு நிழல் தரும் வெண்கொற்றக் குடையையே பெரிதும் பாடினர். இக்குடையின்கீழ்த் தொங்குவோனோ, தன் அரசின் நிழலுக்கு முற்றும் புறத்தே, பகைவர் நடுவே சென்று இறங்குகின்றான்.

குதிக்கும் முறையைச் சுருங்கக் கூறுவோம். விமானத்தின் உட்கூரையை ஒட்டி ஒரு கம்பி நெடுகச் செல்லும். ஒவ்வொரு வீரனும் தன் முதுகிலுள்ள குடைப்பையோடு இணைந்த வாரின் கொக்கியை அக்கம்பியில் மாட்டிக்கொள்வான். சிவப்பு விளக்கு மாறிப் பச்சை விளக்கு எரிந்ததும் ஒருவர்பின் ஒருவராய் வாயிலினின்று பாய்வர். பாய்ந்த அளவில் வார் இழுபட்டுக் குடையை உருவி விரித்துவிடும். அது விரியாதொழியின், மார்பிற் கட்டிய இரண்டாங்குடையைத் தன் கையாலேயே இழுத்தல் வேண்டும். முந்நூறு மீட்டர் உயரத்தினின்று நிலத்தை எய்த ஏறத்தாழ ஒரு நிமிடம். இரு காலையும் சேர்த்து, முழங்காலைச் சிறிது மடக்கி, நிலந்தொட்டதும் பக்கவாட்டிற் புரள வேண்டும். இவற்றையெல்லாம் தோழரின் தமையனார் ஒருமுறை விடுதித் தோட்டத்துச் சுவரின்மேல் நின்று குதித்துக் காட்டினாராம். யாம் அன்று ஊருக்குச் சென்றிருந்தோம்.

இத்துணை முயற்சியும் ஒரே பயன் கருதியது: சாலை வழியே பல நாளிற் சேரும் இடத்தைச் சில மணியிற் சேர்தல். ஆனால் நிலந்தொட்ட கணத்திலேயே அவ்வேகம் முடிந்துவிடுகின்றது. அதன்பின் அவன் நடப்பவன். டாங்கி இல்லை, பெரும் பீரங்கி இல்லை, தோளிற் சுமந்த உணவும் தோட்டாவும் இரண்டு மூன்று நாளைக்கே போதும். காலாட்படையினும் எளிய காலாளாய் அவன் நிற்கின்றான். கம்பநாடர் காவியத்தில் அனுமன் கடலைத் தாவி இலங்கை புகுந்த பகுதியைப் பயிலும்போது யாம் அவனது பாய்ச்சலையே வியந்து வந்தோம். இப்பொழுது நினைக்குங்கால், அப்பாய்ச்சலுக்குப் பின்னர்ச் சேது கட்டப்பெற்றதன்றோ முடிவான செயல் என்று தோன்றுகின்றது. சேது எழாதிருப்பின் அப்பாய்ச்சலாற் சிறையிருந்தாளுக்கு என்ன பயன்?

வானினின்று சேனை இறங்கும் கனவு பழமையானது. பெஞ்சமின் பிராங்கிளின் 1784ஆம் ஆண்டிலேயே, ஐயாயிரம் பலூன்களில் இவ்விருவராகப் பதினாயிரவர் இறங்கினால் எந்த அரசன் தன் நாடு முழுவதையும் காத்தல் கூடும் என்று எழுதினார். கார்னெரென் என்னும் பிரெஞ்சுக்காரர் 1797இல் பாரிஸ் நகரிற் பலூனினின்று குடைகொண்டு இறங்கிக் காட்டினார். எனினும் அதனைப் படையாக்கிப் பெருமளவில் முயன்று பார்த்தவர் சோவியத் நாட்டினரே. 1936ஆம் ஆண்டு அவர்தம் ஒத்திகைப் போரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒருசேர இறங்கியதை, அழைப்பின்பேரிற் சென்ற ஆங்கிலத் தளபதி வேவல் நேரிற் கண்டார். அவரே 1941இல் இந்தியாவின் சேனாதிபதியாய் வந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே டில்லியில் 50ஆம் பாரசூட் பிரிகேடு தோற்றுவிக்கப்பட்டது.

இனி, மேடையில் யாம் வீசிய பேராயுதத்திற்கு வருவோம். அது கிரீட் தீவு. 1941 மே 20ஆம் நாள் ஜெர்மானியர் அத்தீவின்மீது ஆயிரக்கணக்கான வான்குடை வீரரை இறக்கினர். அவர்தம் குடை முதுகில் ஒரே புள்ளியிற் பிணைக்கப்பட்டது. திசை திருப்ப இயலாது. துப்பாக்கிகளோ தனிப் பெட்டிகளில் வேறாக இறக்கப்பட்டன. ஆகவே பலர் கைத்துப்பாக்கி ஒன்றோடு நிலத்திலிறங்கி, தம் பெட்டியைத் தேடி ஓடும்போதே மாண்டனர். ஏறத்தாழ நாலாயிரவர் இறந்தும் காணாமற்போயும் ஒழிந்தனர். பின்னர் ஹிட்லர் தன் வான்படைத் தளபதி ஸ்டூடெண்டினிடம், வான்குடைப் படையின் காலம் முடிந்ததென்று கூறிவிட்டானாம். "பகைவனே ஒப்புக்கொண்டான்!" என்று யாம் மேசையைத் தட்டினோம். கைதட்டல் மிகுந்தது அவ்விடத்திலேதான்.

யாம் கூறாது விட்டவை இரண்டு. ஒன்று: ஹிட்லர் கைவிட்ட அதே போரைக் கண்டே ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இத்தகைய படை தமக்கும் வேண்டுமென்று தம் பாரசூட் டிவிஷன்களைப் பெருக்கினர். ஒரே போர், தோற்றவன் கற்றது ஒன்று, வென்றவன் கற்றது மற்றொன்று. மற்றது அதனினும் பெரிது: கிரீட் ஜெர்மானியர் வசமே ஆயிற்று. எவ்வாறு? மாலெமே விமானத்தளத்தை நோக்கியிருந்த குன்றினின்று நியூசிலாந்துப் படையினர் முதலிரவிலே பின்வாங்கினர். மறுநாள், பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த அத்தளத்திலேயே போக்குவரத்து விமானங்கள் வந்திறங்கி மலைப்படையினரைக் கொட்டின. இறங்கினவரிடம் வரவேண்டியவர் வந்து சேர்ந்தனர். தோழரின் தமையனார் சொல்லிய வினாவிற்கு அங்கே 'ஆம்' என்று விடை கிடைத்தது. அவ்வளவே.

கிரீட்டைப்பற்றி இன்னுமொன்று சொல்லாது போதல் முறையன்று. வானினின்று இழிந்தோரைக் கத்தியும் தடியும் கொண்டு எதிர்த்த சிற்றூர் மக்களின்மீது, போர் முடிந்தபின் பழி தீர்த்தனர் ஜெர்மானியர். கொண்டோமரி என்னும் ஊரின் ஆடவரை ஒலிவ மரத் தோப்பில் நிறுத்திச் சுட்டவர் அந்த வான்குடை வீரரேயாவர். இதுவும் வீரர் வரலாற்றின் ஓர் ஏடு. வீரத்தைப் புகழ எழுந்த நூல்களில் இது பெரும்பாலும் ஒரு வரியோடு நின்றுவிடுகின்றது.

எம்மை உறங்கவொட்டாது செய்தது ஆர்ன்ஹெம். 1944 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, தெளிந்த வானம். ஹாலந்து நாட்டில் பெல்ஜிய எல்லையிலிருந்து ரைன் ஆறு வரை வரிசையாகப் பல பாலங்கள். அவற்றை மூன்று டிவிஷன் வான்படை ஒருங்கே கைப்பற்ற வேண்டும். பெல்ஜிய எல்லையிலிருந்து டாங்கிப் படை ஒற்றைச் சாலை வழியே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் விரைந்து, பாலம் பாலமாகக் கடந்து, கடைசிப் பாலமான ஆர்ன்ஹெமை இரண்டு நாளில் எய்த வேண்டும். படத்தில் இதனைக் காண்பார்க்கு இதனினும் எளியது இல்லை.

நிலத்தில் நிகழ்ந்தது வேறு. ஆர்ன்ஹெமுக்குரிய ஆங்கில டிவிஷனை இறக்கிய வெளிகள் பாலத்தினின்று பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தன. ஒரேநாளில் அனைவரையும் கொண்டுவர விமானம் போதாமையின், பாதிப் பேர் வந்திறங்கிய வெளியை மற்றப் பாதிப் பேருக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. வானொலிக் கருவிகள் மரங்களிடையே பேசாதொழிந்தன. சிதைந்து ஓய்வு கொள்ள வந்திருந்த இரண்டு ஜெர்மானியக் கவசப்படை டிவிஷன்கள் அருகிலேயே இருந்தன. இத்துணை இடுக்கணுக்கும் இடையே, லெப்டினண்ட் கர்னல் ஜான் ஃப்ராஸ்ட் என்பார் ஏறத்தாழ எழுநூற்று நாற்பது பேருடன் ஆற்றங்கரையை ஒட்டி நடந்து, அன்றிரவே பாலத்தின் வடமுனையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு நாள் காத்தாற் போதும் என்பது ஏற்பாடு. அவர்கள் மூன்று பகலும் நான்கு இரவும் காத்தனர். வீடுகள் ஒவ்வொன்றாய் எரிந்தன. வானிலிருந்து இறக்கிய உணவும் மருந்தும் தோட்டாவும் பெரும்பாலும் பகைவர் கையில் வீழ்ந்தன. இறக்கவேண்டிய இடம் மாறிவிட்டது என்பதை விமானிகளுக்கு உணர்த்த வழியில்லை. ஃப்ராஸ்டும் காயமுற்றார். காயம்பட்டோரை அகற்றுதற்காகச் சிறிது நேரம் இருதரப்பாரும் சுடுதலை நிறுத்தினர். அதன்பின் மீண்டும் போர். முடிவில் தோட்டாவே இல்லை.

சாலை என்ன ஆயிற்று? அது சேற்று நிலத்தின்மேல் கரைபோல் உயர்த்தப்பட்ட சாலை. முன்னுள்ள டாங்கி ஒன்று எரியின், பின்னுள்ள அத்தனை வண்டியும் நிற்கும். ஒரு பாலத்தைப் பகைவர் தகர்த்துவிட்டனர். இராமுழுதும் புதுப்பாலம் கட்டினர். நைமேகன் நகரில், 20ஆம் நாள் நண்பகல் கழிந்து, அமெரிக்க வான்குடை வீரர் துணிப்படகுகளில் ஏறி, பட்டப்பகலில், குண்டுமாரியினூடே அகன்ற வால் ஆற்றைக் கடந்தனர். பாலம் கைக்கு வந்தது. ஆர்ன்ஹெமுக்கு இன்னும் ஏறத்தாழப் பதினேழு கிலோமீட்டரே. அந்த இராத்திரி டாங்கிகள் அங்கேயே நின்றுவிட்டன! இருள் என்றனர், துணைவரக் காலாள் இல்லை என்றனர். ஆற்றைக் கடந்து நண்பரை இழந்த அமெரிக்கர் சினந்து கதறினர் என்பர். மேலும் சென்றிருந்தால் ஃப்ராஸ்டின் ஆட்களைக் காத்திருக்கக்கூடுமோ என்பதுபற்றி வரலாற்றாசிரியர் இன்றும் பூசலிடுகின்றனர். யாம் அதனைத் தீர்க்க வல்லேம் அல்லேம். ஆனால் அப்பாலத்தருகே எரியும் வீட்டின் நிலவறையில், டாங்கிச் சக்கரத்தின் ஒலி தெற்கிலிருந்து கேட்கின்றதா என்று செவிசாய்த்துக் கிடந்த எம் வயதினன் ஒருவனை எம்மால் நினையாதிருக்க முடியவில்லை. 21ஆம் நாள் விடியலோடு பாலத்தில் எல்லாம் அடங்கிற்று.

எஞ்சியோர் மேற்கே ஊஸ்டர்பேக் என்னும் சிற்றூரில் வளைக்கப்பட்டனர். அங்கே பழைய தேவாலயத்தை அடுத்த குருமனையில் கேட் டெர் ஹார்ஸ்ட் என்னும் அம்மையார் தம் ஐந்து குழந்தைகளுடன் வாழ்ந்திருந்தார். அவர் இல்லம் காயம்பட்டோரின் விடுதியாயிற்று. இருநூற்றுக்கு மேற்பட்டோர் அறைதோறும், நடைதோறும், மாடிப்படிதோறும் கிடந்தனர்; இறந்தவரை அவர் தோட்டத்திலேயே புதைத்தனர். குண்டுகள் சுவரைத் துளைக்கும் வேளையில் அவ்வம்மையார் கையில் வேதபுத்தகத்தோடு அறை அறையாகச் சென்று, 91ஆம் சங்கீதத்தை ஆங்கிலத்தில் வாசித்தார். எம்மிற் பலர் சிறுபருவத்திலிருந்து இராச்ஜெபத்தில் மனப்பாடமாய்ச் சொல்லிவரும் அதே சங்கீதம். யாம் அதனை எத்துணை எளிதாகச் சொல்லிவிட்டுப் படுக்கின்றோம்! கேட்டவருட் பலர் மறுநாள் உயிரோடில்லை. அவர்களுக்கு அது எவ்வாறு ஒலித்திருக்கும் என்று எண்ணியதும், அன்றைய இரவு ஜெபத்தில் யாம் அதனைத் தொடங்கி, முடிக்க மாட்டாது நிறுத்தினோம்.

ஆற்றின் வடகரைக்குச் சென்ற பதினாயிரவரளவினருள், செப்டம்பர் 25ஆம் நாள் இரவு மழையில், காலிற் கந்தல் சுற்றி ஓசையடக்கி ஆற்றைக் கடந்து மீண்டவர் ஏறத்தாழ 2,400 பேர். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூற்றுவர் மாண்டனர்; மற்றையோர் சிறைப்பட்டனர். ஹாலந்தின் வடபகுதி விடுதலை பெறாமையின், அவ்வாண்டுப் பனிக்காலத்தில் அங்கே பல்லாயிரவர் பட்டினியால் இறந்தனர். ஆர்ன்ஹெமில் மீளக் கட்டப்பெற்ற பாலம் இன்று ஜான் ஃப்ராஸ்டின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இதற்கு மறுபக்கமாக நம் நாட்டினர் செய்ததொன்று உண்டு. அதனை மேடையில் எதிர்க்கட்சியினர் எடுத்துக்காட்டினர். யாம் "விதிவிலக்கு" என்று சொல்லி நகைக்கச் செய்து கடந்துவிட்டோம். 1971 டிசம்பர் 11ஆம் நாள் மாலை, கிழக்கு வங்கத்தில் டாங்கைல் என்னும் ஊரருகே இந்தியப் பாரசூட் படையின் இரண்டாம் பட்டாளத்தார் ஏறத்தாழ எழுநூற்றுவர் இறங்கினர். அவர்தம் தலைவர் லெப்டினண்ட் கர்னல் பன்னு. வடக்கேயிருந்து டாக்காவை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்த பாகிஸ்தானியப் பிரிகேடு ஒன்றைப் பூங்லி பாலத்தில் மறிப்பதே நோக்கம். வானத்தில் அப்போது பகைவிமானம் இல்லை. நிலத்திலோ மக்கள் நண்பராயிருந்தனர். முக்தி வாகினியினர் ஏற்கெனவே அப்பகுதியில் இருந்தனர். சிதறி வீழ்ந்த சாமான்களை ஊரார் தேடியெடுத்துத் தூக்கிவந்தனர் என்பர். பாலம் அன்றிரவே பிடிபட்டது. தரைவழியே வந்த மராட்டா இலகு காலாட்படையினர் மறுநாள் முடிவதற்குள் வந்து கைகோத்தனர். அடுத்த சில நாளில் டாக்காவினுள் முதற்புகுந்த இந்தியத் துருப்புகளுள் இவ்விரண்டாம் பட்டாளத்தாரும் இருந்தனர்.

ஆர்ன்ஹெமில் இறங்கியவரினும் டாங்கைலில் இறங்கியவர் வீரத்தாற் சிறந்தவர் என்று எவரும் கூறார். குடை ஒன்றே, வாயிற்படி ஒன்றே, பச்சை விளக்கும் ஒன்றே. வேறுபட்டது சாலை. இதனைக் கண்டபின், 'பாரசூட் படை பயனுடையதா' என்று யாம் மேடையிற் பெருங்குரலிட்டுக் கேட்ட கேள்வியே கோணலானதோ என்ற ஐயம் எமக்குப் பிறந்தது. பாலத்தருகே நிற்பவனை நோக்கிக் கேட்கவேண்டிய கேள்வியன்று அது. அவனை அனுப்பிவிட்டு, படத்தின்மீது விரலோட்டி 'இரண்டு நாள்' என்று கணக்கிட்டவனை நோக்கிக் கேட்கவேண்டுவது.

இத்துணை சொல்லியும் எம் பழைய கட்சியை முற்றும் கைவிட்டோம் அல்லேம். காலம் மாறிவிட்டது என்பது பொய்யன்று. ஆட்களை இறக்கும் விமானம் தாழ்ந்து, வேகம் தணிந்து, நேர்கோட்டில் செல்லவேண்டியது. தோளில் வைத்து ஏவும் சிறு ஏவுகணை ஒன்று அதனுட் செல்லும் அத்தனை பேரையும் ஒருங்கே அழிக்கும். இக்காரணத்தால், அண்மைக் காலத்துக் குதிப்புகள் பலவும் எதிர்ப்பில்லாத இடத்திலேயே நிகழ்ந்தன. 2003 மார்ச்சில் வட ஈராக்கின் பாஷூரில் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்கர் குதித்தனர். அத்தளமோ முன்னரே நண்பரான குர்து மக்கள் கையில் இருந்தது! அவர்களை எதிர்த்தது சேறு ஒன்றே. 2013 ஜனவரியில் மாலி நாட்டுத் திம்புக்துவின் வடபுறம் பிரெஞ்சு வீரர் இருநூற்றைம்பதின்மர் குதித்தனர். அதே வேளையில் நகரின் மறுபுறம் தரைப்படை வந்து சேர்ந்துவிட்டது. அப்பகைவரிடம் விமானத்தை வீழ்த்தும் வலிமை பெரிதாக இல்லை.

வலிமையுள்ள பகைவன் எதிரில் என்னாகும் என்பதை 2022 பிப்ரவரி 24ஆம் நாள் காட்டிற்று. உக்ரைன் தலைநகர் கீவுக்கு வடமேற்கே ஹோஸ்டமெல் விமானத்தளத்தில் ருஷியாவின் வான்படையினர் சில நூற்றுவர் இறங்கினர், குடையாலன்று, ஹெலிகாப்டரால். குடை போயிற்று, ஏற்பாடு மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தளத்தைப் பிடித்துக்கொண்டால், பின்னே பெரிய விமானங்களில் ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கித் தலைநகர் புகலாம். மாலெமேயில் ஜெர்மானியர் செய்ததே இது. ஆனால் உக்ரைனியர் அன்றே திரும்பித் தாக்கினர். ஓடுபாதையைப் பீரங்கியால் அடித்தனர். வரவிருந்த பெரிய விமானங்கள் வாராது திரும்பின. மறுநாள் பெலரூஸ் வழியே தரைப்படை வந்து தளத்தைச் சேர்ந்தது மெய். எனினும் விரைந்து தலைநகரைப் பற்றும் காலம் கழிந்துவிட்டது. மார்ச்சு இறுதியில் ருஷியர் அப்பகுதியையே விட்டு நீங்கினர். உலகிலேயே மிகப் பெரிய சரக்கு விமானமாகிய 'மிரியா' அத்தளத்துக் கொட்டகையில் எரிந்து எலும்புக்கூடாய் நின்றது.

ஆகவே, பதினாயிரவரை ஒரே பகலிற் கொட்டும் பெருங்குதிப்பு இனி நிகழ்தல் அரிது என்பதே எம் கருத்து. சிறு தொகையினர், காவல் மெலிந்த இடத்தில், பின்வருவோர் அணித்தாக இருக்குங்கால் இறங்குவது இன்றும் பயன்படும். அத்தகைய படை ஒன்று இருக்கின்றது என்பதாலேயே பகைவன் தன் பின்புறத்துப் பாலங்களையெல்லாம் காக்க ஆள் வைக்க வேண்டியவன் ஆகின்றான். பிராங்கிளின் 1784இல் கேட்டதும் அதுவே. மேடையில் இதனை ஒப்புக்கொண்டிருப்பின் தோற்றிருப்போம்.

நூலகத்தில் இவ்வாறு துருவுங்கால் எமக்கு எதிர்பாராது கிடைத்த செய்தி ஒன்றுண்டு. சொற்போரின் இரு கட்சியாரும் அதனைத் தொடவில்லை. இந்தியப் படையினின்று முதன்முதற் குடைகொண்டு குதித்தவருள் ஒருவர் ரங்கராஜ் என்னும் மருத்துவர். ஆற்காடு என்பதைத் தம் பெயரோடு கொண்ட தமிழர். கொரியாப் போரின்போது, இந்தியா தன் பங்காக அனுப்பியது 60ஆம் பாரசூட் மருத்துவப் படையை. அதன் தலைவர் அவரே. 1951 மார்ச் 23ஆம் நாள் முன்சான்னி என்னுமிடத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வான்குடை வீரர் குதித்தபோது, அவர்களோடு லெப்டினண்ட் கர்னல் ரங்கராஜும் அவரைச் சார்ந்த மருத்துவக் குழுவினருமாகப் பன்னிருவர் குதித்தனர். அறுவைக் கருவிகளோடு இறங்கி, அவ்வெளியிலேயே காயம்பட்டோர்க்குச் சிகிச்சை செய்தனர். அவர் மகாவீர் சக்கரம் பெற்றார். பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பிற் பெரியம்மையை ஒழிக்கும் பணியில் ஈடுபட்டார். அப்பழைய 60ஆம் படையே இன்று ஆக்ராவில் மருத்துவமனைப் படையாக விளங்குகின்றது. 2023 பிப்ரவரியில் துருக்கியில் பூமி அதிர்ந்து நகரங்கள் வீழ்ந்தபோது, அதன் மருத்துவரும் பணியாளருமாகத் தொண்ணூற்றொன்பதின்மர் சென்று இஸ்கெண்டெருன் நகரில் மருத்துவமனை அமைத்தனர். அங்கே அவர்கள் குதிக்கவில்லை. விமானத்தினின்று படிவழியே இறங்கினர். எனினும் ஒரு பெட்டியைக் கட்டுதல், ஒரு மணியில் ஆயத்தமாதல், ஒன்றுமில்லா இடத்தில் நின்று பணிதொடங்குதல் ஆகிய பழக்கமெல்லாம் குதிப்போர்க்கென்றே ஏற்பட்டவை. இறங்கியவரிடம் வந்து சேராதொழிந்த கூட்டத்தையே இதுகாறும் படித்து வந்த எமக்கு, இவர்கள் தாமே வந்து சேருவோராய்ச் சென்றமை பெருமகிழ்ச்சி தந்தது.

இக்கட்டுரையை எழுதி முடித்து அறைத்தோழரிடம் காட்டினோம். அவர் ஆர்ன்ஹெம் பகுதியை இருமுறை படித்தார். கொக்கி மாட்டும் இடத்தில் எம் பிழை ஒன்றைத் திருத்தினார். "அண்ணனுக்கு அனுப்பலாமா?" என்று கேட்டார், யாம் நாணினோம், அவர் அனுப்பிவிட்டார்.

சென்ற வாரம் தமையனார் தொலைபேசியில் அழைத்தார். அன்று விடியலில் ஒத்திகைக் குதிப்பு நடந்ததாம். காற்றுச் சிறிது மிகுந்து, வயலொன்றில் போய் இறங்கினாராம், காயமொன்றும் இல்லை. தோழர் அதற்கெல்லாம் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தவர், இடையே நிறுத்தி, "லாரி எத்தனை மணிக்கு வந்தது அண்ணே?" என்றார். மறுமுனையிற் சிரிப்பொலி கேட்டது. ஆறரைக்கு என்று சொல்லியிருந்தார்களாம், எட்டேகாலுக்கு வந்ததாம்.